திறக்க மறுக்கும் பழைய பொதிகள்: அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது எப்படி?

கமடோர் 64, ஆப்பிள் 2, மெக்கின்டாஷ், அமிகா, சிபி/எம் (இது ஓர் இயங்குதளம்) என்று 1980களின் கணினிகளுக்காகச் சுருக்கிக் கட்டிய கோப்பு, அதாவது பொதி, ஒன்றை எமுலேட்டரிலோ (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) அசல் இயந்திரத்திலோ திறக்கப் போய், 'கோப்பு பழுது' என்ற பதிலோடு திரும்பி வந்திருக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். நான் பார்த்தவரை, அப்படிப் பழி சுமத்தப்படும் கோப்புகளில் பெரும்பாலானவை பழுதாகவே இல்லை. பல நேரம் உறை ஒன்று கூடுதலாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று உதிர்ந்திருக்கும். இதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். மற்றபடி, வழியில் ஏதோ ஒரு மென்பொருள் அதை எழுத்துக்கோப்பு என்று நினைத்து 'திருத்தி' அனுப்பியிருக்கும். இதைச் சில சமயம் மட்டுமே சரிசெய்யலாம்.

இத்தனை உறைகள் எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். கீழே வரும் தொல்லைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. அன்று கோப்பு தொலைபேசிக் கம்பி வழியாகப் போனது. வினாடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்தில் ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் எல்லாம் சேர்த்து 10 பிட்; ஆக வினாடிக்கு 30 பைட். கமடோர் 1541 டிரைவில் டிஸ்க்கின் ஒரு பக்கம் 1,74,848 பைட். அப்படியே அனுப்பினால், ஒரு தவறும் நேராவிட்டாலும் 97 நிமிடம் ஆகும். அதனால் சுருக்கினார்கள். அடுத்தது, வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை பைட்டுகளை மட்டும்தான் சுமக்கும், கோப்பின் பெயரைக்கூடக் கொண்டுபோகாது. ஆனால் ஆப்பிள் 2இன் இயங்குதளமான புரோடாஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வகை எண் உண்டு. மெக்கின்டாஷில் ஒரே கோப்பு டேட்டா, ரிசோர்ஸ் என்று இரண்டு கிளைகளாக இருக்கும். கமடோரில் பிஆர்ஜியா (நிரல்) எஸ்இகியூவா (வரிசைத் தரவு) என்பது டிஸ்க்கின் பட்டியலில்தான் எழுதியிருக்கும், கோப்புக்குள் இருக்காது. இந்த விவரங்களை எல்லாம் கோப்போடு சேர்த்து அனுப்ப ஓர் உறை வேண்டியிருந்தது. எட்டாவது பிட்டைத் தின்றுவிடும் கம்பிகளில் தப்பிப் போக, எல்லாவற்றையும் சாதாரண எழுத்துகளாக்கும் இன்னோர் உறையும் வேண்டியிருந்தது.

ஹோட்டல் பார்சல் மாதிரிதான். முதலில் நூல், அப்புறம் செய்தித்தாள், அதற்குள் இலை. கட்டிய வரிசைக்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும். செய்தித்தாளோடு சேர்த்துக் கடித்துவிட்டு இட்லி சரியில்லை என்று சொல்லக் கூடாது.

தொடங்கும் முன்

கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, அசலை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். எந்தச் சோதனையும் நகலில்தான். கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் வியூவர் ஒன்று வேண்டும். எழுத்துத் தொகுப்பான் எதிலும் அந்தக் கோப்பைத் திறந்து 'சேமி' அழுத்திவிடாதீர்கள். கோப்பின் நீளத்தை பைட் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். கிலோபைட் கணக்கு உதவாது. கீழே பைட் மதிப்புகளை எல்லாம் பதின்ம எண்ணிலேயே தருகிறேன்.

அறிகுறி: "இது என்ன வடிவம் என்றே தெரியவில்லை" என்கிறது

பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, நம்பாதீர்கள். ஐம்பது கைகள் மாறி வந்த கோப்பு அது. யாராவது ஒருவர் பெயர் மாற்றியிருப்பார். முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்.

80, 75, 3, 4 என்றால் ஜிப். முதல் இரண்டும் ஆங்கில பி, கே எழுத்துகள். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். முதல் பைட் 26ஆக இருந்து, அடுத்த பைட் ஒரு சிறிய எண்ணாகவும் அதன் பின் ஒரு கோப்புப் பெயரும் தெரிந்தால் பிசியிலோ சிபி/எம்மிலோ கட்டிய ஆர்க். மூன்றாவது பைட்டில் தொடங்கி ஒரு சிறு கோடு, எல், எச், ஓர் எண், மறுபடி ஒரு கோடு இருந்தால் எல்எச்ஏ. அமிகாவுக்கு வந்ததில் பெரும்பகுதி இதுதான். 68, 77, 83, 33 என்றால் அமிகாவின் முழு டிஸ்க்கைச் சுருக்கும் டிஎம்எஸ். 118, 255 என்றால் சிபி/எம் காலத்து ஸ்க்வீஸ். 118, 254 என்றால் அதன் தம்பி கிரஞ்ச். 83, 73, 84, 33 என்றால் மெக்கின்டாஷின் ஸ்டஃபிட். 78, 245, 70, 233, 108, 229 என்றால் ஆப்பிள் 2இன் ஷ்ரிங்கிட். இந்தக் கடைசி வரிசையை எழுத்தாகப் பார்த்தால் 'நியூஃபைல்' என்ற சொல்தான்; ஒன்று விட்டு ஒன்று எட்டாவது பிட்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். எதற்கு என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

முதல் பைட்டுகள் இவற்றில் எதோடும் பொருந்தவில்லையா? 129ஆவது பைட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மேற்சொன்ன அடையாளம் ஒன்று இருந்தால், முன்னால் இருக்கும் 128 பைட் ஓர் உறை. முதல் பைட் 0, இரண்டாவது 1க்கும் 63க்கும் இடையில், அதன் பின் கோப்பின் பெயர் என்று இருந்தால் அது மெக்பைனரி. 10, 71, 76 என்று தொடங்கினால் ஆப்பிள் 2இன் பைனரி 2. 71, 76 ஆகியவை ஜி, எல் எழுத்துகள், வடிவத்தைக் கொண்டுவந்த கேரி லிட்டிலின் பெயர்ச் சுருக்கம். இரண்டும் 128 பைட்டாக இருப்பது தற்செயல் அல்ல: எக்ஸ்மோடத்தின் ஒரு துண்டு 128 பைட். பெறும் பக்கத்து மென்பொருள் முதல் துண்டைப் பார்த்த உடனேயே இது என்ன கோப்பு என்று அறிந்துகொள்ள முடியும்.

சிபி/எம் பெயர்களில் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். ஸ்க்வீஸ் செய்த கோப்பின் வாலில் நடு எழுத்து 'கியூ' ஆகிவிடும். கிரஞ்ச் செய்தால் 'இசட்'. டிஓசி என்ற வால் டிகியூசி ஆனால், உள்ளே ஸ்க்வீஸ் செய்த ஆவணம் இருக்கிறது என்று பொருள். எல்பிஆர் என்ற வால் உள்ளவை கோப்புகளை ஒன்றாகக் கட்டுமே தவிரச் சுருக்காது. அதனால் அன்றைய ஆட்கள் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக ஸ்க்வீஸ் செய்து, பிறகு எல்பிஆருக்குள் போட்டார்கள். எல்பிஆரைப் பிரித்துவிட்டு 'உள்ளே எல்லாம் குப்பை' என்று விட்டுவிடுபவர்கள் பாதி வழியில் நின்றவர்கள்.

அறிகுறி: பட்டியல் காட்டுகிறது, பிரிக்கும்போது சிஆர்சி பிழை

இதுதான் மிகவும் பொதுவானது. (சிஆர்சி என்பது கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கப் பொதியில் எழுதி வைத்த எண்.) இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நன்றாகச் சுருக்கிய கோப்பில் பைட் மதிப்புகள் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்கும். 1,02,400 பைட் கோப்பு என்றால், 0 முதல் 255 வரை ஒவ்வொரு மதிப்பும் சுமார் 400 தடவை வர வேண்டும். ஆக, ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டால், வழியில் என்ன நடந்தது என்று கோப்பே சொல்லிவிடும். பல ஹெக்ஸ் எடிட்டர்களில் இந்தக் கணக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் பத்து வரி நிரல் போதும்.

127க்கு மேல் ஒரு பைட்டும் இல்லையா? ஏழு பிட் கம்பியில் போயிருக்கிறது, எட்டாவது பிட் போயே போய்விட்டது. ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால், மீட்க வழியே இல்லை. வேறு நகல் தேடுங்கள். ஷ்ரிங்கிட் அடையாளத்தில் ஒன்று விட்டு ஒன்று எட்டாவது பிட்டை ஏற்றி வைத்தது இந்தத் திருட்டை முதல் பார்வையிலேயே பிடிக்கத்தான். பின்னால் வந்த பிஎன்ஜி படக்கோப்பின் தொடக்கமான 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்பதும் இதே பாடத்தைப் படித்தவர்கள் செய்த வேலை: எட்டாவது பிட் உள்ள ஒரு பைட், வரி முடிவைக் குறிக்கும் எண்கள் மாற்றப்பட்டால் பிடிக்க 13ம் 10ம், டாஸ் திரையில் கொட்டாமல் நிறுத்த ஒரு 26, எதிர்த்திசை மாற்றத்தைப் பிடிக்க இன்னொரு 10.

ஒவ்வொரு 10க்கும் முன்னால் தவறாமல் ஒரு 13 இருக்கிறதா? எஃப்டிபியில் எழுத்து முறையில் இறக்கியதாலோ அதுபோன்ற வேறு வழியிலோ, யூனிக்ஸ் வரி முடிவு (10) டாஸ் வரி முடிவாக (13, 10) மாறியிருக்கிறது. கோப்பும் சுமார் 400 பைட் கூடியிருக்கும். இதற்காக மகிழுங்கள், ஏனென்றால் இது மீளும். ஒவ்வொரு 10க்கும் முன்னால் உள்ள ஒரே ஒரு 13ஐ நீக்கிவிட்டால் பழைய கோப்பு வந்துவிடும். அசலிலேயே 13, 10 என்று இருந்த இடங்கள் 13, 13, 10 ஆகியிருக்கும். அவையும் ஒன்றை நீக்கினால் சரியாகிவிடும்.

எதிர்த்திசையில் போயிருந்தால், அதாவது 13, 10 என்ற சோடி 10 ஆகச் சுருங்கியிருந்தால், 13ம் 10ம் தனித்தனியே நிறைய இருக்கும். அடுத்தடுத்து மட்டும் ஓர் இடத்திலும் வராது. பார்க்கப் பயமாக இருந்தாலும் இழப்பு சிறியது. அந்தச் சோடி இயல்பாக 65,536 இடங்களுக்கு ஒருமுறைதான் வரும். நம் கோப்பில் ஒன்றோ இரண்டோ பைட்தான் போயிருக்கும். 400 பத்துகளில் எதன் முன்னால் 13ஐச் சேர்ப்பது? ஒவ்வொன்றாகச் சேர்த்து சிஆர்சியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒன்று காணாமல் போயிருந்தால் 400 முயற்சி, இரண்டு போயிருந்தால் 79,800. இன்றைய கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரே எச்சரிக்கை: ஆர்க், எல்எச்ஏ ஆகியவற்றின் சிஆர்சி 16 பிட்தான், 79,800 முயற்சியில் தற்செயலாக ஒன்றிரண்டு பொய்யாகவும் பொருந்தும். விரித்த கோப்பு கண்ணுக்குச் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

13 ஒன்றுகூட இல்லை, 10 மட்டும் 800 என்றால்? மெக்கின்டாஷ் அல்லது ஆப்பிள் 2இன் வரி முடிவான 13 எல்லாம் 10 ஆக மாறிவிட்டன. அந்த 800இல் எது உண்மையான 10, எது வேடம் போட்ட 13 என்று பிரிக்க முடியாது. கைவிடுங்கள்.

239, 191, 189 என்ற மூன்று பைட் வரிசை எங்கு பார்த்தாலும் வருகிறதா? இது பழைய காலத்துக் குற்றம் அல்ல, நம் காலத்துக் குற்றம். யாரோ கோப்பை எழுத்துத் தொகுப்பானில் திறந்து யூனிகோடாகச் சேமித்துவிட்டார்கள். புரியாத பைட் ஒவ்வொன்றுக்கும் பதில் கேள்விக்குறி வைர எழுத்து உட்கார்ந்துவிட்டது. இதற்கும் மருந்து கிடையாது. தொடக்கத்தில் 'சேமி' அழுத்தாதீர்கள் என்றேனே, அது நானே ஒருமுறை செய்துவிட்டு இரண்டு இரவு தலையைப் பிய்த்துக்கொண்ட கதையிலிருந்து வந்தது.

கடைசியாக ஒரு கமடோர் வகை. ஜிப் 80, 75 என்று தொடங்காமல் 112, 107 என்று தொடங்கினாலோ, எல்எச்ஏ அடையாளத்தில் சிறிய எல், எச் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்துகள் இருந்தாலோ, டெர்மினல் மென்பொருளின் பெட்ஸ்கி மாற்றம் இயங்கியிருக்கிறது. கமடோரின் எழுத்துக் குறியீட்டில் பெரிய, சிறிய எழுத்துகளின் இடங்கள் ஆஸ்கியோடு ஒத்துப்போகாது. அதற்கான மாற்று அட்டவணையை பைனரி கோப்பின் மேலும் ஓட்டிவிட்டார்கள். எண்ணிக்கையில் எந்த மதிப்பும் காணாமல் போகவில்லை என்றால் அட்டவணையைத் திருப்பி ஓட்டி மீட்கலாம். சில மதிப்புகள் பூஜ்யமாகவும் சில இரட்டிப்பாகவும் இருந்தால், இரண்டு எழுத்து ஓர் இடத்தில் விழுந்துவிட்டது, முடிந்தது.

எண்ணிக்கை எல்லாம் இயல்பாக இருந்தும் சிஆர்சி தவறுகிறது என்றால் கோப்பு நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பிளாப்பியிலேயே ஒரு செக்டார் போயிருக்கலாம். கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: "கோப்பின் முடிவில் கூடுதல் குப்பை" என்ற எச்சரிக்கை

நீளத்தை 128ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டு, வாலில் ஒரே மதிப்பு, பெரும்பாலும் 26, திரும்பத் திரும்ப இருந்தால் அது எக்ஸ்மோடத்தின் திணிப்பு. கடைசித் துண்டை 128க்கு நிரப்ப அது வழி செய்கிறது. சிபி/எம் அமைப்பே கோப்பு நீளத்தை 128 பைட் கணக்கில்தான் வைத்திருந்தது, சரியான நீளம் அதற்குத் தெரியாது. அதிகபட்சம் 127 பைட் கூடும். ஜிப், ஆர்க் இரண்டும் வாலைக் கண்டுகொள்ளாது, எச்சரிக்கையைப் புறக்கணித்துவிடலாம். சக் ஃபோர்ஸ்பெர்கின் ஒய்மோடம் கோப்பின் பெயரையும் நீளத்தையும் முதலிலேயே அனுப்பிவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: பரிமாற்றமே நடுவில் நிற்கிறது

அசல் இயந்திரத்தோடு சீரியல் கம்பியில் இன்றும் கோப்பு அனுப்புபவர்களுக்கு இது. எங்கே நிற்கிறது என்பதே பதில்.

முதல் துண்டே போகாமல் திரும்பத் திரும்ப முயன்றால், ஒரு பக்கம் ஏழு பிட்டில் அமைந்திருக்கிறது. எக்ஸ்மோடம் ஒவ்வொரு துண்டின் எண்ணையும் அதன் எதிர்மதிப்பையும் அனுப்பும். முதல் துண்டுக்கு 1, 254. எட்டாவது பிட் போனால் 254 என்பது 126 ஆகிவிடும், துண்டு நிராகரிக்கப்படும். எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு முடிவு பிட் என்று இரு பக்கமும் மாற்றுங்கள். கம்பி உண்மையிலேயே ஏழு பிட்தான் என்றால் கெர்மிட் என்ற வேறொரு அனுப்பும் முறையைப் பயன்படுத்துங்கள். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த அது இப்படிப்பட்ட கம்பிகளையும் சமாளிக்கும். ஆனால் அதில் கோப்பு வகையை பைனரி என்று நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுத்து முறையில் போய், மேலே பார்த்த வரி முடிவுக் கூத்து நடக்கும்.

எழுத்துக்கோப்பு 16 துண்டு ஒழுங்காகப் போய் 17ஆவதில் நிற்கிறது, சுருக்கிய கோப்போ முதல் இரண்டு மூன்று துண்டுக்குள்ளேயே திணறுகிறது என்றால், மென்பொருள் வழி ஓட்டக் கட்டுப்பாடு இயங்குகிறது. 17, 19 என்ற இரண்டு பைட்டும் அதற்கு 'தொடங்கு', 'நிறுத்து' என்ற கட்டளைகள். கோப்பில் வந்தால் விழுங்கிவிடும். எழுத்துக்கோப்பில் இந்த மதிப்புகள் வராது, ஆனால் துண்டு எண் 17 வந்துதானே ஆக வேண்டும். கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள், அல்லது கம்பி வழிக் கட்டுப்பாட்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி: வடிவம் புரிகிறது, "இந்தச் சுருக்க முறை தெரியாது" என்கிறது

மென்பொருளின் வயதுப் பிரச்சினை. ஜிப்பில் ஒன்பதாவது பைட்டைப் பாருங்கள்: 0 என்றால் சுருக்கவே இல்லை, 1 ஷ்ரிங்க், 2 முதல் 5 வரை ரெட்யூஸ், 6 இம்ப்ளோட், 8 டிஃப்ளேட். 1993இல் வந்த பிகேஜிப் 2 வரிசைதான் டிஃப்ளேட்டைக் கொண்டுவந்தது. பழைய பிகேஅன்ஜிப் 1.10 அதைத் திறக்காது. தலைகீழாக, இன்றைய கருவிகள் பலவற்றுக்கு 8 மட்டும்தான் தெரியும், 1989இன் முறைகளை மறந்துவிட்டன. இன்ஃபோ-ஜிப்பின் அன்ஜிப், ஷ்ரிங்க்கையும் இம்ப்ளோடையும் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஆர்க் ஏன் சட்டென்று மறைந்து எல்லாம் ஜிப் ஆனது என்று கேட்பவர்களுக்கு: ஆர்க்கை உருவாக்கிய எஸ்இஏ நிறுவனம் 1988இல் காட்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. சமரசத்துக்குப் பின் அவர் புது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

எல்எச்ஏவில் கோடுகளுக்கு நடுவே உள்ள எண் 1 என்றால் பழைய எல்ஹார்க் முறை, 5 என்றால் பின்னால் வந்த எல்எச்ஏ முறை. பழைய பிரிப்பான் 5ஐத் திறக்காது. ஸ்டஃபிட் கோப்பு ஸ்டஃபிட் என்ற முழுச் சொல்லோடும் 1997 என்ற உரிமை ஆண்டோடும் தொடங்கினால் அது 5ஆம் வடிவம். சிஸ்டம் 6 ஓடும் மெக் பிளஸ்ஸில் கிடக்கும் பழைய ஸ்டஃபிட்டிடம் கொடுத்துப் பயனில்லை. இன்றைய மெக்கில் தி அன்ஆர்க்கைவர் கொண்டு பிரித்துவிட்டு, பிறகு எமுலேட்டருக்குள் எடுத்துப் போங்கள்.

அறிகுறி: மெக்கின்டாஷ் செயலி 0 பைட்டாக வந்து நிற்கிறது

பழைய மெக் செயலிகளின் நிரல் முழுவதும் ரிசோர்ஸ் கிளையில் இருக்கும். டேட்டா கிளை பெரும்பாலும் காலி. விண்டோஸ் டிஸ்க் ஒன்றின் வழியாக நகல் எடுத்த கணமே ரிசோர்ஸ் கிளை உதிர்ந்து, காலியான மற்றதுதான் மிஞ்சுகிறது. இந்த நகலில் மீட்க ஒன்றும் இல்லை. அசல் பொதிக்குத் திரும்பிப் போய், பிரிக்காமலேயே மெக்குக்கோ எமுலேட்டருக்கோ கொண்டுபோய் அங்கே பிரியுங்கள். எந்த இயந்திரத்துக்காகக் கட்டினார்களோ அங்கேயே பிரிப்பது எல்லாக் கணினிக்கும் பொருந்தும் வழக்கம். மெக்கில் மட்டும் அது கட்டாயம்.

எஸ்ஐடி என்ற வால் உள்ள ஸ்டஃபிட் பொதிக்கு இந்த ஆபத்து இல்லை, அதற்குத் தேவையானது எல்லாம் டேட்டா கிளையிலேயே இருக்கிறது. இரட்டைக் கிளிக்கில் திறக்காமல் வெற்றுத்தாள் சின்னத்தோடு நின்றால், வகைக் குறியீடும் உருவாக்கியவர் குறியீடும் மட்டும் போயிருக்கின்றன. ஸ்டஃபிட் எக்ஸ்பாண்டரைத் திறந்து அதன் ஃபைல் மெனு வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். தானே பிரியும் எஸ்இஏ வகைப் பொதி (மேலே சொன்ன எஸ்இஏ நிறுவனம் வேறு) ரிசோர்ஸ் கிளையை இழந்தால் தானாக ஓடாது. ஆனாலும் பொதி டேட்டா கிளையில் இருப்பதால் எக்ஸ்பாண்டர் பெரும்பாலும் திறந்துவிடும்.

அறிகுறி: ஷ்ரிங்கிட் பட்டியலில் கோப்பே தெரியவில்லை

டிஸ்க்கில் இருக்கிறது, ஷ்ரிங்கிட் மட்டும் காணோம் என்கிறது. புரோடாஸ் வகை எண்தான் காரணம். வகை 224, துணை வகை 32770 என்று இருக்க வேண்டியது, மோடம் வழி வந்ததில் பைனரி அல்லது எழுத்து வகையாக மாறியிருக்கும். சைடர்பிரஸ் போன்ற கருவியில் டிஸ்க் இமேஜைத் திறந்து வகையை மாற்றினால் தோன்றிவிடும். பெயர் பிஎக்ஸ்ஒய் என்று முடிந்தால் முன்னால் 128 பைட் பைனரி 2 உறை இருக்கிறது. நியூலிப்2 என்ற பிரிப்பான் அதைத் தானே கழற்றிக்கொள்ளும். மற்றவற்றுக்கு நீங்கள் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: கமடோரில் ஒரே பெயரில் நான்கு கோப்புகள், எதுவும் ஓடவில்லை

1, 2, 3, 4 என்ற எண்ணும் ஓர் ஆச்சரியக்குறியும் முன்னால் வரும் நான்கு கோப்புகள் என்றால் அது ஜிப்கோட். பெயரில் மட்டும்தான் ஜிப். காட்ஸின் ஜிப்போடு எந்த உறவும் இல்லை. 64 கிலோபைட் நினைவகத்தில் 170 கிலோபைட் டிஸ்க் அடங்காது, அதனால் 35 டிராக்கை நாலாகப் பிரித்தார்கள். நான்கும் ஒரே டிஸ்க்கில், பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். இவை ஓட்டுவதற்கான கோப்புகள் அல்ல. ஜிப்கோட் மென்பொருளை ஏற்றி, வெற்று டிஸ்க் ஒன்றில் விரிக்க வேண்டும். விரித்த பிறகுதான் மூல டிஸ்க் கிடைக்கும். முதல் கோப்பு 254, 3 என்றும் மற்ற மூன்றும் 0, 4 என்றும் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். வேறு ஏதாவது என்றால் உறை ஒன்று மிச்சமிருக்கிறது. 'சி64ஃபைல்' என்ற எழுத்துகளோடு தொடங்கினால் அது எமுலேட்டர் போட்ட 26 பைட் உறை.

1, 8 என்று தொடங்குபவை பேசிக் நிரல்போல் ஏற்றி ஓட்டக்கூடியவை. தானே பிரியும் எஸ்டிஏ பொதியும் அப்படித்தான் தொடங்கும், லின்க்ஸும் அப்படித்தான். குழப்பம் வந்தால் ஓட்டிப் பாருங்கள்: எஸ்டிஏ பிரியத் தொடங்கும், லின்க்ஸ், தன்னைப் பிரிக்க லின்க்ஸ் வேண்டும் என்று திரையில் எழுதிவிட்டு நிற்கும். லின்க்ஸ் சுருக்காது, கட்ட மட்டும் செய்யும். கமடோரின் ஆர்க்கும் பிசியின் ஆர்க்கும் வேறு வேறு. பெயர் ஒற்றுமையை நம்பி ஒன்றை மற்றதில் திறக்க முயல வேண்டாம்.

டிரைவ் 64 என்ற எண்ணோடு பிழை சொன்னால், கோப்பு வகை பொருந்தவில்லை என்று பொருள். டெர்மினல் மென்பொருள் எஸ்இகியூவாகச் சேமித்ததைப் பிரிப்பான் பிஆர்ஜியாகத் தேடுகிறது. உள்ளடக்கத்தில் குறை ஒன்றும் இல்லை, பட்டியலில் வகையை மாற்றினால் ஓடும்.

அறிகுறி: கோப்பு முழுக்க அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்

வரிகள் ஏறக்குறைய எல்லாம் பெரிய 'எம்' எழுத்தில் தொடங்கினால் யூயூஎன்கோட். ஒவ்வொரு வரியும் 45 பைட்டைச் சுமக்கிறது. அந்த எண்ணிக்கைதான் 'எம்' ஆக வருகிறது. 'பிகின்' என்ற வரிக்கு முன்னும் 'எண்ட்' என்ற வரிக்குப் பின்னும் உள்ளது எல்லாம் அஞ்சல் தலைப்பு, வெட்டிவிடலாம். பல பாகங்களாக வந்திருந்தால் நடுப் பாகங்களின் தலைப்புகளையும் நீக்கி வரிசையாக ஒட்டுங்கள். சில வரிகள் நீளம் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். பழைய யூயூஎன்கோட் பூஜ்யத்தை வெற்றிடமாக எழுதியது. வரி முடிவில் இருந்த வெற்றிடங்களை அஞ்சல் மென்பொருள்கள் துடைத்துவிட்டன. குறையும் வரிகளை வெற்றிடத்தால் நிரப்பி 61 எழுத்தாக்கினால் பிரியும். பிற்காலத்தில் வெற்றிடத்துக்குப் பதில் சாய்ந்த மேற்கோள்குறியைப் போட்டது இதனால்தான்.

'பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்ற வேண்டும்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும், அதன் கீழே முக்காற்புள்ளியில் தொடங்கி முக்காற்புள்ளியில் முடியும் எழுத்துகளும் இருந்தால் அது மெக்கின்டாஷ் பின்ஹெக்ஸ். முடிவில் முக்காற்புள்ளி இல்லையென்றால் கோப்பு துண்டிக்கப்பட்டது.

அறிகுறி: எல்லாம் பிரிந்தது, டிஸ்க் மட்டும் ஓடவில்லை

நீளம் பாருங்கள். அமிகா டிஸ்க் இமேஜ் 9,01,120 பைட். கமடோர் 1541 இமேஜ் 1,74,848. பிழைத் தகவல் சேர்ந்திருந்தால் 1,75,531. ஆப்பிள் 2இன் ஐந்தேகால் அங்குல டிஸ்க் 1,43,360. மெக் 800 கிலோபைட் டிஸ்க் 8,19,200. அதுவே 8,19,284 அல்லது 8,38,484 என்று இருந்தால் முன்னால் 84 பைட் டிஸ்க்காப்பி உறை இருக்கிறது. குறைவாக இருந்தால் பொதி துண்டிக்கப்பட்டது.

ஆப்பிள் 2இல் நீளம் சரியாக இருந்தும் பட்டியல் குப்பையாக வந்தால் செக்டார் வரிசை மாறியிருக்கிறது. டாஸ் 3.3 வரிசை, புரோடாஸ் வரிசை இரண்டும் ஒரே நீளம்தான். வாலைப் பிஓ, டிஓ என்று மாற்றிப் போட்டாலே எமுலேட்டர் சமாதானமாகிவிடும்.

அசல் பிளாப்பியில் எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று: அமிகாவின் 880 கிலோபைட் டிஸ்க்கையும் மெக்கின் 800 கிலோபைட் டிஸ்க்கையும் சாதாரண பிசி டிரைவ் எழுதாது, எவ்வளவு முயன்றாலும். அமிகாவில் வொர்க்பெஞ்ச் 2.1 முதல், பிசி டிஸ்க்கைப் படிக்கும் கிராஸ்டாஸ் உண்டு. 720 கிலோபைட் பிசி டிஸ்க்கில் பொதியைப் போட்டு அங்கே விரிக்கலாம்.

அறிகுறி: ஒரே ஒரு கோப்பு மட்டும் போய்விட்டது

ஆர்க், ஜிப், எல்எச்ஏ மூன்றிலும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது, தனித்தனி சிஆர்சி உள்ளது. ஒன்று கெட்டால் மற்றவை கெடாது. பிரிப்பான் முதல் பிழையில் நின்றுவிட்டால் மற்ற கோப்புகளைப் பெயர் சொல்லித் தனியே எடுங்கள். ஜிப்பின் வால் துண்டிக்கப்பட்டிருந்தால் முடிவில் உள்ள பட்டியல் போயிருக்கும், ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் சொந்தத் தலைப்பு இருக்கிறது. இன்ஃபோ-ஜிப்பின் ஜிப் கட்டளையில் உள்ள பழுதுபார்க்கும் வசதி அவற்றைத் தேடிப் புதிய பட்டியல் கட்டிக்கொள்ளும். அமிகாவின் எல்இசட்எக்ஸ் வேறு மாதிரி: பல கோப்புகளை ஒரு குழுவாக்கிச் சேர்த்துச் சுருக்கும். பழுது எந்தக் கோப்பில் விழுந்ததோ, அந்தக் குழுவில் அதற்குப் பின்னால் உள்ளவையும் போய்விடும். அதற்கு முன்னால் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிக்கு வேறு நகல் தேட வேண்டும்.